காசுக்கு ஆடியவன்

எம்ரிஸ் புரோபர்ட் வேல்ஸ் நாட்டு ரக்பி அணிக்காக இரண்டு முறை சிவப்புச் சட்டை போட்டவன். முன்வரிசையில் அவன் தோள் கொடுத்துத் தள்ளினால் எதிரணி பின்னால்தான் போகும். ஆனால் ஊர் ஆடிய ரக்பியில் கைதட்டல் உண்டு, கூலி கிடையாது. வடக்கு இங்கிலாந்தில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியில் கூலி உண்டு. அங்கிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி நெஸ்டா ஆறு மாதக் கர்ப்பம். கையெழுத்துப் போட்டான்.

காசுக்கு ஆடியவனை ஊர் ரக்பி சேர்க்காது என்பது விதி; அன்றோடு, ஊர் கிளப்பின் படியை மிதிக்கும் உரிமை ஆயுளுக்கும் போயிற்று. தெரிந்துதான் போட்டான். ஆனால் மூன்றாம் வருஷம் அப்பா இறந்தபோதுதான் அது என்னவென்று உறைத்தது.

மேட்டிலிருந்த கல்லறை வரை, மழையில், பெட்டியின் தலைமாட்டை அவன்தான் தாங்கினான். அப்பா கிளப் மைதானத்தின் புல்லை வெட்டியே கிழவரானவர். அதனால் அடக்கம் முடிந்த பிறகான சாப்பாடும் கிளப்பிலேயே. எல்லாரும் உள்ளே போனார்கள். கிளப் செயலாளரான அண்ணன் க்விலிம் வாசலில் நின்றான்.

"எம்ரிஸ், நீ வீட்டுக்குப் போடா."

"பொட்டியத் தூக்க நான் வேணும். டீ குடிக்க வேணாமா?"

"என் கையில என்னடா இருக்கு? எவனாவது மேல எழுதிப் போட்டான்னா கிளப்பையே மூடிடுவாங்க."

"அவர் என் அப்பாண்ணே."

"எனக்கும்தாண்டா."

உள்ளே, அவனோடு தோள் கோத்து ஆடியவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்ரிஸ் திரும்பி நடந்தான்.

சற்று நேரத்தில் க்விலிம் ஒரு தட்டில் பன்றித்தொடைக் கறியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அப்பாவின் வீட்டுக்கு வந்தான்.

"வெச்சிட்டுப் போ."

க்விலிம் நகரவில்லை. "தட்டு கிளப்போடது. திருப்பிக் குடுக்கணும்."

எம்ரிஸ் கறியை அப்படியே மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் தட்டை நீட்டினான். மாலை வண்டியிலேயே வடக்கே கிளம்பிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. தலையோடு தலை முட்டித் தள்ளும்போது எதிரணிக்காரன் ஒருவன் காதருகே ஏதோ சொன்னான். ஒரே குத்து, அவன் தாடை பெயர்ந்தது. எம்ரிஸை நடுவர் வெளியேற்றினார். பத்து வருஷ ஆட்டத்தில் அதுதான் முதல் தடவை. இனி எத்தனை வாரம் ஆட விடமாட்டார்களோ தெரியாது.

நெஸ்டா அவன் வீங்கிய விரல்களைத் தண்ணீரில் வைத்தபடி கேட்டாள்.

"எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கே. இன்னைக்கு அப்படி என்னதான் சொன்னான்?"

"ஊருக்குப் போடான்னான்."