ஒரு சாண் குழாய்

நண்பர்கள் அவனைப் பல்சக்கரம் என்று கூப்பிடுவார்கள். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. வேலை விட்டு வந்தால் ரிமோட்டில் ஓடும் லாரிதான். கடையில் வாங்கிய பொம்மை அல்ல. அலுமினியத் தகட்டில் அடிச்சட்டத்தைத் தானே வரைந்து, தானே அறுத்து, மோட்டாரிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு கியரையும் கணக்குப் போட்டுக் கோர்ப்பான்.

"பொண்ணு பாருடான்னா பல்லு எண்ணிட்டு உக்காந்திருக்கான்" என்பாள் அக்கா. அவளும் அத்தானும் மாடியில் குடியிருந்தார்கள். கீழறை அவனுடைய பட்டறை. வெல்டரான அத்தான் சாயங்காலங்களில் இறங்கி வந்து, ஒட்ட வேண்டியதை ஒட்டிக் கொடுத்துவிட்டு, லாரி செங்கல் குவியலில் ஏறுவதை வாய் பிளந்து பார்ப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தரைக்கடியில் தண்ணீர்க் குழாய்கள் சேரும் அறைக்குள் அத்தானும் ஒரு கொத்தனாரும் வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே மண் சரிந்து வாசலை மூடிவிட்டது.

பல்சக்கரம் போய்ச் சேர்ந்தபோது அக்கா மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வைப் பொறியாளர் ஒரு பழைய வடிகால் குழாயின் வாயில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாண் அகலம், நாற்பது மீட்டர் நீளம். மறுமுனை அந்த அறையில் திறந்தது. உள்ளேயிருந்து யாரோ இரும்பால் தட்டும் சத்தம் வந்தது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று.

"அவசரப்பட்டுத் தோண்டினா மிச்சமும் சரிஞ்சிடும்" என்றார் பொறியாளர். "மண்ணைத் தாங்க ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்கிட்டே தோண்டணும். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்தக் குழாய் வழியா வர்ற காத்துதான். ஒரு ரப்பர் டியூப் உள்ள போச்சுன்னா தண்ணியும் குடுக்கலாம், காத்தும் அடிக்கலாம். ஆனா நடுவுல ஒரு வளைவு இருக்கு. கம்பி விட்டுப் பார்த்தோம், அதைத் தாண்டலை."

"டியூப்பை இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு லாரி பண்ணித் தரேன்" என்றான் அவன்.

அக்கா எழுந்து அவனோடு வந்தாள்.

பட்டறையில் இருந்த எந்த லாரியும் அந்தக் குழாயில் நுழையாது. சட்டத்தைக் குறுக்கி, உயரத்தைப் பாதியாக்க வேண்டும். வளைந்த தரையில் சக்கரத்தின் ஓரம் மட்டுமே பதியும் என்பதால் அச்சுகளின் நீளத்தையும் குறைத்தான். நாற்பது மீட்டர் டியூப்பின் கனத்தை இழுக்க மோட்டாரின் வேகத்தை வெகுவாகக் குறைத்துப் பலமாக்க வேண்டும். வழக்கமான கியர்பெட்டி அந்த உயரத்துக்குள் அடங்காது. அடங்கக்கூடியது ஒன்றுதான்: திருகு மாதிரி மரை போட்ட தண்டு, அதோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம். சின்ன இடம், பெரிய இழுவை.

அதில் ஒரு குணம் உண்டு. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. வழியில் மோட்டார் நின்றால் நான்கு சக்கரமும் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து இழுத்தாலும் உருளாது. இது அவனுக்குத் தெரியும். ஒரு கயிற்றை இழுத்தால் சக்கரங்கள் விடுபடும்படி ஒவ்வொன்றிலும் உருவி எடுக்கக்கூடிய ஒரு முள் வைக்கலாம். காகிதத்தில் வரைந்தும் விட்டான். செய்ய இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

அக்கா கதவருகே நின்றிருந்தாள். மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

அவன் காகிதத்தைப் பார்த்தான்.

"முடிஞ்சிடுச்சுக்கா. கிளம்பலாம்."

மாலை நான்கரைக்கு லாரி குழாய்க்குள் போனது. முன்னால் ஒரு விளக்கு, ஒரு சின்னக் கேமரா. கைபேசித் திரையில் குழாயின் உட்புறம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பத்து மீட்டர், பதினெட்டு. வளைவில் ஒரு பக்கச் சக்கரங்கள் சுவரில் ஏறின. அவன் மெல்லத் திருப்பினான். தாண்டிவிட்டது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். திரையின் கோடியில் வட்டமாக ஒரு இருட்டு, அதிலிருந்து ஒரு கை நீண்டது.

"அவர் கைதான்" என்றாள் அக்கா.

இன்னும் பன்னிரண்டு மீட்டர் இருந்தபோது, குழாயின் பள்ளத்தில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரில் லாரி இறங்கியது. மோட்டார் நின்றது. அவன் ரிமோட்டை முன்னும் பின்னும் தள்ளினான். அசையவில்லை. கேமராவுக்குத் தனி பேட்டரி. அது ஓடிக்கொண்டே இருந்தது. கை வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்தது.

"இழுத்து எடுத்துடலாம், சரி பண்ணி மறுபடி விடலாம்" என்று பொறியாளர் ஆட்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் டியூப்பைப் பிடித்து இழுத்தார்கள். பூட்டிய சக்கரங்களோடு லாரி வளைவு வரை அரைபட்டு வந்து, குறுக்கே சாய்ந்து செருகிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார்கள். டியூப் மட்டும் கையோடு வந்தது.

லாரி குழாயின் பாதியை அடைத்தது. அது வாரி வந்த சேறு மீதியை அடைத்தது. கம்பியால் இடித்துப் பார்த்தார்கள், இன்னும் இறுகியது. தட்டும் சத்தம் இப்போது எங்கோ தூரத்தில் கேட்பது போல மங்கிவிட்டது.

மறுநாள் மதியத்துக்கு மேல் அதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை வழி திறந்தது. கொத்தனாருக்கு உயிர் இருந்தது. அத்தானுக்கு இல்லை. மண் விழுந்தபோதே அவருக்கு நெஞ்சில் அடிபட்டிருந்தது என்றும், காற்று போதாமல் போனதை அந்த நெஞ்சு தாங்கவில்லை என்றும் மருத்துவர் சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் கொத்தனார் வீட்டுக்கு வந்தார்.

"வெளிச்சத்தைப் பார்த்ததும், என் மச்சான் வண்டி வந்துடுச்சுன்னு சொன்னாரு. நின்னப்புறமும், அவன் எப்படியும் வருவான், அவன் வேலை அப்பேர்ப்பட்டதுன்னாரு."

அவர் போன பிறகு அக்கா தம்பியின் தலையைத் தடவினாள். "உன்னால முடிஞ்சதை நீ செஞ்சடா." ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சொன்னதை அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவள் சொன்னது பொறுக்கவில்லை. முள்ளைப் பற்றியும், வரைந்துவிட்டு வைக்காமல் விட்டதைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள், அடிப்பாள், அப்படியாவது நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்தான்.

அவள் கை அவன் தலையிலிருந்து இறங்கியது.

"அப்போ, நான் அவசரப்படுத்தாம இருந்திருந்தா அதை வெச்சிருப்ப."

"இல்லக்கா. அது என் தப்பு."

"நான்தானே கதவுகிட்ட நின்னுட்டு நச்சரிச்சேன்."

"அக்கா, இல்லக்கா."

அவன் எத்தனை முறை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. தன் பாரத்தை இறக்கப் போய் அவள் தலையில் வைத்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க வழி இல்லை.

அடுத்த மாதம் அவள் மாமியார் வீட்டோடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் பண்ணுவான். சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பான். நீ என்பான். ம் என்பாள். அதற்குப் பிறகு யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் சும்மா பிடித்துக்கொண்டிருப்பார்கள்.