நாலு நிமிட நடைவழி

செவ்வாய்க்கிழமை காலைக்குள் பூங்கோதையின் வீட்டு நடைவழி இன்னும் பதினோரு அடி வளர்ந்திருந்தது. துணி காயப்போட வசதியாக இருந்ததால் அவள் குறை சொல்லவில்லை.

நடைவழியின் ஒரு கோடியில் அவள் அறை. மறுகோடியில் அவள் கணவன் சென்னியப்பனின் அறை. ஆளுக்கொரு ரெக்கார்டு பிளேயர். கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே இசையைத்தான் கேட்டு வந்தார்கள்.

அது ஒரு மேல்நாட்டு இசைக்கவிதை. பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. நூறு பேர் சேர்ந்து வாத்தியங்களாலேயே ஒரு கதையைச் சொல்லிவிடுவார்கள். படகோட்டி ஒருவன் விடியுமுன் ஏரியில் இறங்குகிறான். நடுவழியில் புயல் வருகிறது. அக்கரையில் ஒருத்தி விளக்கோடு நிற்கிறாள். அவன் கரையேறுகிறான். கதை அவ்வளவுதான்.

கதை ஒன்று, பதிவு இரண்டு. அவளுடையது அரங்கத்தில் ஆட்களை உட்காரவைத்து வாசித்தது. இருபத்தாறு நிமிடம். அவனுடையது ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தது. இருபத்திரண்டு நிமிடம். எது உசத்தி என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறை ஒத்துப்போகாதபோதும் நடைவழி கொஞ்சம் நீண்டது.

நியாயமாக ஒப்பிட வேண்டும் என்று கல்யாணமான வாரமே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். இரண்டு முள்ளும் ஒரே நொடியில் தட்டில் இறங்க வேண்டும். தினமும் பிற்பகல் மூன்றரைக்கு சென்னியப்பன் தன் அறையிலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பான். இருவரும் முள்ளை வைப்பார்கள். அவனுடைய படகு நாலு நிமிடம் முன்னதாகக் கரை சேரும். அவன் கதவைத் திறந்துகொண்டு நிற்பான். அவளுடைய படகு வந்து சேரும்வரை ஒன்றும் பேசமாட்டான். விதி ஒரு நாளும் மீறப்பட்டதில்லை. விதிதான் கோளாறு என்று இருவருக்கும் தோன்றியதும் இல்லை.

அவளுடைய பதிவில் ஒன்பதாவது நிமிடத்தில் ஓர் இருமல் உண்டு. பக்கத்து வீட்டு அர்த்தனாரி போன மாதம்தான் அந்த இருமலாக ஆனார். அதற்கு முன் அங்கே வேறு யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பாப்பாத்தியக்கா தினமும் சுக்குக் கஷாயத்தோடு வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"செல்லோ வாசிக்கறப்பப் பாத்து இருமறாரு பாரு. வீட்லயும் இப்படித்தான், நான் வாயத் தொறந்தா இருமுவாரு" என்றாள்.

"சளி எப்படிங்க்கா இருக்குது?"

"இளகோணும் சாமி. நெஞ்சுலயே நிக்குது."

ஒரு கரண்டிக் கஷாயத்தை ஸ்பீக்கர் முன்னால் பிடித்துக்கொண்டு, இருமல் முடியும்வரை பொறுமையாக இருந்தாள்.

புதன்கிழமை ஒப்பீட்டு அலுவலகத்திலிருந்து, வீட்டில் கேட்கிற பதிவு எது என்று தெரிவிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. பூங்கோதை நேரில் போனாள். அங்கே வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒரே சுருதிக்கு வந்தால்தான் சன்னலைத் திறப்பார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் அரைச்சுருதி ஏறியே நின்றார். பதினொன்றரை ஆகிவிட்டது.

அலுவலர் அம்மாள் ஒரு சின்ன மேடைமேல் நின்றிருந்தார். கையில் மெல்லிய குச்சி. அதை அசைத்தால் பின்னாலிருந்து ஒருவர் முத்திரை குத்தினார்.

"எந்தப் பதிவு?"

"ரெண்டு இருக்குதுங்க."

"படிவத்துல ஒரு கட்டந்தான் இருக்கு."

"எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுங்க."

"அப்ப ரெண்டு வீடு." குச்சி அசைந்தது. முத்திரை விழுந்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பதிவச் சொல்லிக் கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி உங்க நடைவழி தெருவாயிரும். நீங்க இக்கட்ட வீடு, அவரு அக்கட்ட வீடு."

"அவரு என்ற வீட்டுக்காரருங்க."

"இனிமே எதிர்வீட்டுக்காரரு. நடைவழி நீளம் எவ்வளவு?"

"அளக்கலைங்க."

"அளந்து எழுதுங்க. அந்தக் கட்டம் காலியா இருக்கப்படாது."

அவள் வீட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நீளம் நாலு நிமிடம். அப்படியே எழுதினாள். வழியில் புதிதாக ஒரு தெருவிளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். பெயர் எழுதாத பச்சைப் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

வியாழக்கிழமை கூப்பிட்டால் கேட்காத தூரம் ஆகிவிட்டது. அவனுக்குப் போன் செய்தாள். வெளியூருக்குப் போடும் அழைப்பு போல நீளமாக மணி அடித்தது.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள ஒண்ணச் சொல்லோணுமாம்."

"என்றதச் சொல்லு."

"உங்குளுதுல விடியறதே தெரியறதில்லைங்க. வயலின் வாரதுக்குள்ள ஓடம் பாதி ஏரியத் தாண்டிருது. புயல்ல முரசு டப்புடப்புன்னு அடிச்சு முடிச்சுர்றான். அத்தன அவசரமாத் துடுப்புப் போட்டா ஓடம் கவுந்துராதா?"

கம்பியில் ஏரிக்காற்று போல ஒரு சத்தம் வந்தது.

"நீ ஓடத்துலயே உக்காந்திருக்கற கோதை. கரையில ஒருத்தி நிக்கறா. அவ கையில வெளக்கு இருக்குது. நாலு நிமிஷம் சேத்தி நின்னா அவளுக்குக் கை வலிக்காதா? எண்ணெய் தீந்துபோச்சுன்னா?"

பூங்கோதை ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று அவள் கடைக்கு வந்தபோது, அவன் வாசலில் மடித்த குடையோடு நின்றிருந்தான். மழை வந்து போயிருந்தது. குடையைப் பிரிக்காமலே நனைந்திருந்தான். கேட்டதற்கு, பிரித்தால் அவளுக்கு ஈரக்குடையைத் தர வேண்டியிருக்கும் என்றான்.

"இத ஏனுங்க இத்தன வருசமாச் சொல்லலை?"

"நீ கேக்கலை. எது உசத்தின்னுதான் கேட்ட."

மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண்குரல் சொல்லி இணைப்பைத் துண்டித்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு கேட்கவில்லை. கேட்கிற தூரமும் இல்லை. பூங்கோதை தன் முள்ளைத் தானே வைத்தாள். பாப்பாத்தியக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் விடியல் நீளமாக விடிந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு பகலிலேயே எரிந்தது. பச்சைப் பலகையை இப்போது சுவரில் அடித்திருந்தார்கள். பெயருக்கான இடம் மட்டும் காலி.

சென்னியப்பன் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தான். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் இறங்கவில்லை.

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். தொலைவில் கொம்பு ஒன்று ஊதியது.

"வெச்சுட்டியா? நானில்லாமயா?"

"வெச்சுட்டனுங்க."

"இது விதிக்கு விரோதம்."

"ஆமாங்க. நடந்து வர நாலு நிமிஷம் ஆச்சு. இப்ப நீங்க வைங்க."

அவன் அவளைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இருபத்தாறில் நாலைக் கழிக்க அவனுக்குப் பன்னிரண்டு வருடமும் அரை நொடியும் ஆனது. முள்ளை வைத்தான்.

இருவரும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடைவழியின் நடுவுக்கு வந்தார்கள். ஒரு பக்கமிருந்து அவளுடைய படகு மெல்ல வந்தது. மறுபக்கமிருந்து அவனுடைய படகு விரைந்து துரத்தியது. நடுவில் உட்கார்ந்து கேட்டால் ஏரி இரண்டு கரையோடு இருந்தது. இத்தனை நாளும் ஆளுக்கொரு கரையோடுதான் கேட்டிருந்தார்கள்.

ஒன்பதாவது நிமிடம் வந்தது. செல்லோ எழுந்தது. இருமல் வரவில்லை. யாரோ தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

"எளகிருச்சு!" என்று பாப்பாத்தியக்கா அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். "கோதை, எளகிருச்சு சாமி!"

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலர் அம்மாள் தெருப்பெயரை உருட்டிய காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதா, தெருவென்று போட்டுக்கொண்டே வருவதா என்று கொஞ்சம் தயங்கினார். கழற்றினார்.

"எந்தப் பதிவு?"

"உக்காருங்கம்மா" என்றான் சென்னியப்பன். தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான்.

புயல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. பூங்கோதையின் முரசு அடித்தது. அது ஓய்ந்த இடத்தில் சென்னியப்பனின் முரசு எடுத்துக்கொண்டது. படகு கவிழவில்லை. பிறகு ஒற்றைப் புல்லாங்குழல், அதுதான் விளக்கு. முதலில் ஒரு பக்கம் ஏற்றினார்கள். மறுபக்கம் ஏற்றினார்கள். கடைசி ஸ்வரம் இரண்டு கோடியிலிருந்தும் ஒரே நொடியில் வந்து நடுவில் நின்றது.

அலுவலர் அம்மாளின் குச்சி தானாகத் தாழ்ந்தது. முத்திரை குத்துகிறவர் வந்திருக்கவில்லை.

"இது பட்டியல்லயே இல்லையே" என்றார்.

"இல்லைங்க."

"எங்க கெடைக்கும்?"

"இங்க மட்டுந்தானுங்க. இந்த நாற்காலியில" என்றாள் பூங்கோதை.

அவர் படிவத்தை வாங்கினார். ஒரே ஒரு கட்டத்தில் 'நடுவில்' என்று தானே எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உருட்டிய காகிதத்தைப் பிரிக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகிறபோது பச்சைப் பலகையைக் கழற்றிப் பூங்கோதையின் கையில் கொடுத்து, "அரிசி புடைக்க ஆகும்" என்றார்.

இரண்டு தட்டுகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. முள்ளை எடுக்க வேண்டும். அவன் அவள் அறைப்பக்கம் நடந்தான். அவள் அவன் அறைப்பக்கம் நடந்தாள். போவதற்கு இரண்டு நிமிடம் ஆனது. திரும்பி நடுவுக்கு வர ஒன்றரை நிமிடம்தான் ஆனது. இருவரும் அதைக் கவனித்தார்கள். தெருவிளக்குக் கம்பம் நிலைக்கதவு உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"ஏனுங்க, இது இப்படியே கொறஞ்சுட்டு வந்தா நாளைக்கு நாலு நிமிஷம் எப்படி ஆகும்?"

சென்னியப்பன் நாற்காலிகளைச் சுவரோரமாக, பக்கம் பக்கமாகப் போட்டான்.

"நீ எப்பவும்போல மெதுவா வா" என்றான். "நான் நிக்கறேன்."