அக்கா உள்ளே இருக்கிறாள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தாழ்ப்பாளால் வந்தது. போன வாரம் அக்கா புது வீட்டுக்குக் குடிபோனாள். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக அவளுக்கென்று தனிக் குளியலறை. பார்க்கப் போனவனுக்குத் தண்ணீர்கூடத் தராமல் அந்தத் தாழ்ப்பாளைப் பத்துத் தடவை போட்டுப் போட்டுத் திறந்து காட்டினாள். நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் தூக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் காலத்தில் பதினொரு குடும்பத்துக்கு ஒரே குளியலறை. ஆனாலும் மனசு விசாலமாக இருந்தது. இன்றோ எல்லாம் இருந்தும்…’

(அடித்துவிட்டேன். இதை உங்களுக்கு ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள்.)

இரண்டாவது: ‘வாளியோடு வரிசையில் நின்ற அந்தக் காலைகளின் கலகலப்பு…’

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அசட்டு தைரியத்தில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். யாருக்குக் கலகலப்பு என்று கேட்டாள். நாங்கள் வளர்ந்த அந்தப் பதினொரு குடும்பக் கட்டடத்தில் அப்போது நான் பொடியன், முற்றத்துக் குழாயில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவிடுவேன். அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் அதே கட்டடம், அதே வரிசை. உள்ளே போய் மூன்றாவது நிமிடம் கதவைத் தட்டுவார்களாம். காதோரம் சோப்பு நுரை காயக் காய வேலைக்கு ஓடியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“நீ என்ன வேணா எழுதிக்கோடா. ஆனா கதையில என்னைத் திரும்ப அந்த வரிசையில நிக்க வெச்சுடாத.”

3

சிக்கலே இங்கேதான். தனிமை தாங்காமல் அக்கா பழைய கட்டடத்துக்கே திரும்பிவிடுவதாக முடிக்க நினைத்திருந்தேன். கதை கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியருக்கும் அதுதான் வேண்டுமாம். வாசகர்களுக்குக் கண்ணீர் வருமாம்.*

மாற்று முடிவு: மெல்ல மெல்ல எதிர்வீட்டுக்காரியோடு சிநேகமாகி… (இரண்டாம் நாளே ஆகிவிட்டாள். அக்காவாவது, தனிமையாவது!)

* ஆசிரியர் வீட்டில் மூன்று குளியலறைகள்.

4

முடிவை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் குளிக்கப் போய் ஐம்பது நிமிடமாகிறது. உள்ளேயிருந்து பாட்டு வருகிறது; வரி மறந்த இடத்திலெல்லாம் ‘தனனா’ போட்டுச் சமாளிக்கிறாள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆசிரியர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். முடிவு வேண்டுமென்றால் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். உங்களுக்கும் அவசரமென்றால் வந்து தட்டிக்கொள்ளுங்கள்.

நான் தட்டமாட்டேன்.