நீலப்பூக் கோப்பை ஓடு

முழங்கால் இரண்டும் இனி மாடிப்படி ஏற மாட்டோம் என்று மறுத்துவிட்டதால், ரீனுஸ் மூன்றாம் மாடியைக் காலி செய்துவிட்டு, அதே ஷீடாம் ஊரில் கால்வாய் ஓரத்துத் தரைத்தள வீட்டுக்கு இறங்கி வந்தான். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அரை நாளில் வந்து சேர்ந்தது. வராதது ஒன்றே ஒன்று, அவன் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்த்த பச்சைப் பவளம். பழைய கடல்நீர்த் தொட்டியைக் கலைத்தபோது அதைக் கூட்டாளி ஹார்மின் தொட்டியில் விட்டு வைத்திருந்தான். புதுத் தொட்டியில் தண்ணீர் பக்குவப்படும் வரைக்கும்தான்.

நகத்தளவு துண்டாக வந்தது அது. மனைவி கோரி உடைத்த காப்பிக் கோப்பையின் நீலப்பூ ஓட்டில் ஒட்டி வளர்த்தான். கிளை நுனியெல்லாம் ஊதாப் பொட்டோடு முட்டைக்கோஸ் பருமனுக்கு விரிந்துவிட்டது. பவளம் வளர்ப்போர் சங்கத்தில் அதற்குப் பெயரே 'ரீனுஸ் பச்சை'. துறைமுகத்தில் சரக்கு இறக்கியே தேய்ந்துபோனவனுக்கு, பேர் சொல்ல உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

புதுத் தொட்டி வைக்க முதல் ஆளாக வந்தவனும் ஹார்ம்தான்.

"தொட்டி கோணலாடா, நீ கோணலா?" என்றான், ரசமட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு.

"வீடே கோணல். இந்த ஊர்ல எதுடா நேரா நிக்குது?"

"எனக்குப் பிரசவம் ஆனப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு பதறல," என்றாள் கோரி. காப்பி வைத்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினாள்.

ரீனுஸின் பழைய தொட்டிப் பாறைகள் வீடு மாற்றிய தாமதத்தில், ஒட்டியிருந்த உயிர்களோடு காய்ந்து செத்திருந்தன. ஹார்ம் தன் தொட்டியிலிருந்து புழுவும் பாசியும் குடியிருக்கும் பாறைகளை ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தான். பாலுக்கு உறைமோர் கொடுக்கிற மாதிரி, பழைய தொட்டிக்காரன் புதுத் தொட்டிக்குப் பாறை கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம்.

தொட்டியில் பழுப்புப் பாசி படர்ந்து, அதுவாகவே ஓய்ந்தது. தண்ணீர் தெளிந்த வாரத்தில் ஹார்ம் செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்து நின்றான். அவன் முகமே சரியில்லை.

"தண்ணிய சூடாக்குற கருவி மக்கர் பண்ணிருச்சுடா. உன் பவளம் வெந்துபோச்சு."

பவளம் செத்தால் எலும்புக்கூட்டை உரியவனிடம் ஒப்படைக்க வேண்டும், அதுவும் வழக்கம். பொட்டலத்துக்குள் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"அடியில இருந்த ஓடு எங்கடா?"

"கழண்டு மணலுக்குள்ள போயிருச்சு போல."

சொல்லும்போதே ஹார்முக்குக் கண் கலங்கியது. ரீனுஸ்தான் அவன் முதுகைத் தட்டித் தேற்றினான். எலும்புக்கூட்டைத் தெருப் பார்த்த ஜன்னலில், பூஞ்சாடிகளுக்கு நடுவே வைத்தான். போகிறவர் வருகிறவர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வசந்தம் பிறந்ததும் வெளியூரில் பவளத்துண்டு பரிமாறிக்கொள்ளும் சந்தை கூடியது. ஹௌடாவிலிருந்து வந்த ஃபெம்கே என்ற பெண் கடை போட்டிருந்தாள். புதுத் தொட்டிக்கு என்று ரீனுஸ் அவளிடம் துண்டு கேட்டான்.

"புதுத் தொட்டியாண்ணே? அப்ப முதல் துண்டுக்குக் காசு கிடையாது. எடுத்துக்கோங்க. இதுக்குப் பேரு ஹார்ம் பச்சை."

பச்சைக் கிளை. நுனியில் மட்டும் ஊதாப் பொட்டு. ரீனுஸ் அது மிதந்த தண்ணீர்ப் பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"இது... எங்கம்மா கிடைச்சது?"

"ஷீடாம் ஹார்ம் அண்ணன் குடுத்தாரு. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தாய்ப்பவளம் இந்தாம் பெருசு! அது உக்காந்திருக்கிறது எதுலங்கிறீங்க? உடைஞ்ச காப்பிக் கோப்பையில, நீலப்பூ போட்டது. சிரிச்சு மாளல."

ரீனுஸ் அவளுக்கு நன்றி சொன்னான். வேறென்ன சொல்ல? தன் சொத்தைத் தனக்கே தானமாக வாங்கிக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி ரயிலேறினான்.

சனிக்கிழமை காப்பிக்கு ஹார்ம் வந்தான். தொட்டியைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"பேரு ஹார்ம் பச்சையாம்," என்றான் ரீனுஸ்.

ரீனுஸ் தொட்டிக் கண்ணாடியில் தெறித்திருந்த துளியைத் துடைத்தான்.

"கேட்டிருந்தா பாதி உடைச்சுக் குடுத்திருப்பேனேடா."

"பாதி குடுத்தாலும் அது ரீனுஸ் பச்சைதானேடா," என்றான் ஹார்ம் தரையைப் பார்த்தபடி. "என் தொட்டியப் பாக்க ஒருத்தனும் வந்ததில்ல. அது வந்தப்புறம்தான் வந்தாங்க."

"அதுக்குச் சாவுச் சேதி சொல்லி அழுதியேடா, பாவி. நான் உன்னைத் தேத்தினேன்."

"நாளைக்கே கொண்டாந்து குடுத்துர்றேன்."

"ஊரெல்லாம் உன் பேர்ல சுத்துது. நீயே வெச்சுக்க."

ஜன்னலிலிருந்த எலும்புக்கூட்டை எடுத்து அவன் கையில் திணித்தான். "இது எந்த வீட்டு எழவோ. எடுத்துக்கிட்டுப் போ."

ஹார்ம் வாசல்வரை போய்த் திரும்பினான். "பாறையும் என்னோடதுதான். அதையும் எடுத்துரட்டுமா?"

ரீனுஸ் தொட்டியைப் பார்த்தான். அந்தப் பாறைகளை எடுத்தால் தண்ணீர் கெட்டுவிடும், எல்லாம் சாகும். பச்சைத் துண்டு அந்தப் பாறையில்தான் பிடித்திருந்தது. அதன் குட்டி வாய்கள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றான்.

கோரி, ஹார்முக்கு வைத்த பிஸ்கட்டை எடுத்து மறுபடி டப்பாவுக்குள் போட்டாள்.