அகல டயர்

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த தமிழ்ச்செல்வன், மனைவியின் சின்ன காருக்குப் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் போட்டுக் கொடுத்தான். கோவில்பத்துத் தெருவே நின்று பார்த்தது. தனியாளாக வீட்டையும் வேலையையும் சமாளிப்பவளுக்கு ஆசையாகச் செய்தது. இளவேனிலுக்கும் பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது.

அவன் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் அவள் வேலை பார்க்கும் வங்கிக்குத் தினமும் அதே சாலை, அதே ஓட்டம். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டி பதினேழுக்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் பங்கை மாற்றினாள். ஏர் ஃபில்டரை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டயர் கடை ரிஃபாயிடம் காட்டினாள்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லக்கா. வீலு கனம், டயரும் அகலம். அத உருட்டிக்கிட்டுப் போறதுக்கே கூடுதலா எரியுது. எரியிறது பூரா புகையாத்தானே வெளிய போகும்?" என்றார் ரிஃபாய். "பழைய சைஸே போதும். அதுலயே லேசா உருளுற டயரா பாத்துப் போட்டுக்கலாம்."

பழைய வீல்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. மாற்றுவது சுலபம், அவனிடம் சொல்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, ஒரு சனிக்கிழமை சொல்லாமலே மாற்றிவிட்டாள்.

மறுநாள் வீடியோ காலில், "வண்டியக் காட்டேன்" என்றான். காட்டினாள். திரையில் பழைய வீல்கள் தெரிந்தன.

"பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"பிடிச்சிருந்துச்சுங்க. அதனாலதான் சொல்ல வாய் வரல. ஆனா பெட்ரோல் ரொம்பக் குடிக்குது. தெனம் போற வண்டி, வீணா புகைய விட்டுக்கிட்டுப் போறது மனசுக்கு ஒப்பல."

டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான். அடுத்த சில நாள் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி. இளவேனில் வேலையில் கவனமில்லாமல் இருந்தாள். செய்தது தப்பில்லை, செய்த விதம்தான் தப்பு என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"இப்ப எவ்வளவு குடுக்குது?"

"பழையபடி இருபது."

"நான் கடையில நின்னு எது அழகா இருக்குன்னுதான் பாத்தேன். நீ எந்த ரோட்டுல ஓட்டுறன்னு யோசிக்கவே இல்ல."

"நானும் ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தியிருக்கணுங்க" என்றாள்.

அடுத்த விடுப்பில் வந்தவன், முதல் திங்கட்கிழமை காலையிலேயே குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்றான். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் துறைமுகத்து லாரிகள் முன்னும் பின்னும் நெருக்கின. அவள் நிதானமாக ஒதுங்கி வழிவிட்டு ஓட்டினாள். வாஞ்சூர் வரைக்கும் அவன் அந்த லாரிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"தெனமும் இதுக்கு நடுவுலயா போற?" என்றான் பிறகு.

"பழகிருச்சுங்க" என்று சொல்லி, கியரை மாற்றினாள்.