நாற்பத்தொரு பேருக்கு எடுத்த இடுப்பு வலி

1953 ஆடி மாதம், அரிசி விலை ஒரேயடியாக ஏறிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை, இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மூன்று மைல் மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாற்பத்தொரு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் பிரசவ வலி எடுத்தது. அவர்களில் பிள்ளைத்தாச்சி ஒருத்திதான், நாகலெட்சுமி. மற்ற நாற்பது பேரில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருந்தார்கள், கல்யாணம் ஆகாதவர்கள் ஆறு பேர் இருந்தார்கள், பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் பிள்ளையில்லாத ராசம்மாவும் இருந்தாள். வலி ஆள் பார்க்கவில்லை. இடுப்பில் தொடங்கி அடிவயிற்றைச் சுற்றித் தொடையில் இறங்கியது. முதுகில் கூடையோடு தேயிலைச் செடிகளைப் பிடித்தபடி எல்லோரும் குனிந்து நின்றார்கள். கீழேயிருந்து பார்த்த கங்காணி கந்தப்பன் வேலை நிறுத்தம் என்று நினைத்து, மேலே இருந்த அதிகாரி கண்டாக்கையாவிடம் சொல்ல ஓடினான்.

மூன்று மணிக்கு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பெண் குழந்தை பிறந்தது. நாகலெட்சுமிக்கு வலி விட்டது, மற்ற நாற்பது பேருக்கும் விடவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் ஆளுக்கு ஒரு அவுன்ஸ் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்து, காய்ச்சல் இல்லாததால் லீவு இல்லை என்று எழுதினார். மறுநாள் நாற்பது பேரும் வலியோடு காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நின்று, வலியோடு மலையேறி, வழக்கமான நிறையைப் பறித்தார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வலியோடு பறிப்பது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

நாகலெட்சுமிக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் மழை மாதத்தில் முப்பது நாளைத் தாண்டாமல் போயிருந்தன. ஆடி மழையில் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் துவைத்துப் போட்ட துணி காய நாலு நாள் ஆகும். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துத் துணி நனைக்கும். அவளிடம் இருந்தவை மூன்று. புருஷன் சோலைமலை அந்த மூன்றையும் அடுப்புக்கு மேலே மாறி மாறிப் பிடித்துக் காய வைத்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் குழந்தைக்கு இருமல் கண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வேலாயிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை. தன் பழைய சேலை ஒன்றை எட்டாகக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாசலைத் தாண்டும்போதே அவள் வலி விட்டுப்போனது.

“அடியே ராசம்மாக்கா! துணியக் குடுத்தேன், இடுப்ப விட்டுருச்சுக்கா!”

“பின்ன? புள்ள பெத்தவ சாமான் சேக்க வேணாமா? நாப்பது பேரும் வலிச்சுப்புட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு நின்னா எப்படிடி விடும்?” என்றாள் ராசம்மா.

அவள் கொழுந்துக் கூடையைக் கழுவித் துடைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாலு லயமும் இறங்கினாள். எல்லோரும் ஒரே சாமானைத் தந்துவிடக் கூடாது என்று, யார் எதைத் தருவது என்பதை வாசலில் நின்றே சொன்னாள். இவள் விளக்கெண்ணெய், அவள் வசம்பு, அடுத்தவள் சாம்பிராணியும் கரிச் சட்டியும், அவள் தங்கச்சி வெந்நீர் ஊற்றிவைக்கப் பால் டின் ரெண்டு, மீதிப் பேர் துணி. “தொட்டில் சேலை என் பங்கு, அதுல யாரும் கை வைக்காதீங்க” என்று முதலிலேயே சொல்லி வைத்தாள். கொடுத்தவர்கள் கொடுத்த இடத்திலேயே நிமிர்ந்தார்கள். மீனம்மா மட்டும் கரியடுப்பு துடைத்த கந்தலைக் கூடையில் போட்டாள். அவளுக்கு வலது பக்கம் விட்டு, இடது பக்கம் அப்படியே நின்றது.

“நல்ல சேலை பெட்டியில இருக்குன்னு ஒன் இடுப்பே சொல்லுதே, மீனம்மா” என்றாள் ராசம்மா. லயமே சிரித்தது. மீனம்மா வைதுகொண்டே உள்ளே போய், ஒரு தீபாவளிக்கு மட்டும் கட்டிய சேலையை எடுத்து வந்தாள்.

விஷயம் கடைத்தெரு வரை போனது. டிக்கோயா ஜவுளிக்கடைச் சண்முகராஜா ஆறு கெஜம் புது பிளானல் அனுப்பினார். பிறந்த பிள்ளைக்கு முப்பது கழியும் வரை புதுத் துணி போடுவதில்லை, உடுத்துப் பழகிய துணிதான் போட வேண்டும். திருப்பி அனுப்பவும் யாருக்கும் மனமில்லை. ராசம்மா பிளானலைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்து, மலைக்குப் போகையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்குக்கு உள்ளே கட்டிக்கொண்டு ஒரு நாள் மலைக்குப் போகச் சொன்னாள். சாயங்காலம் அவிழ்த்தபோது அத்தனை துண்டும் பத்து வருஷம் உடுத்தியதுபோல் நைந்து, பஞ்சாகி இருந்தன. சனிக்கிழமை வந்து பார்த்த சண்முகராஜா விரலால் தடவிவிட்டு, “இது நம்ம கடைத் துணி இல்லையே” என்றார்.

“ஒங்க கடைத் துணிதாங்க மொதலாளி. ஒரு நாள் எங்களோட மலைக்கு வந்துச்சு, அம்புட்டுத்தான்” என்றாள் வேலாயி.

குழந்தை காய்ந்த துணியில் கிடந்தது. இருமல் நின்றது. இரண்டாவது வாரத்துக்குள் முப்பத்தொன்பது பேரின் வலியும் தீர்ந்தது. ராசம்மா மட்டும் இடுப்பில் கை வைத்தபடி மலையேறினாள். தொட்டில் சேலை வரவில்லை. வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவி, குழந்தையை வாங்கி மடியில் போட்டு, அடுப்போரம் உட்கார்ந்துவிடுவாள். அது அங்கேதான் தூங்கியது.

“ஊருக்கெல்லாம் பங்கு போட்டியே, ஒம் பங்கு எங்கடி?” என்று மீனம்மா பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டாள்.

“தர்றேன், தர்றேன். வலிக்கிறது என் இடுப்பு. ஒனக்கென்ன?”

நாகலெட்சுமிக்குப் புரிந்தது. பதினாறு வருஷமாக விசேஷ வீடுகளில் பின்வரிசையில் நின்றவள், இப்போது அந்த வலிக்காகக் கிழவிகள் “பெத்த ஒடம்பு, பாத்து நட ஆத்தா” என்று வழி விட, லயத்தின் நடுவே நடக்கிறாள். “இருக்கட்டும்க்கா, மடியில நல்லாத்தான் தூங்குது” என்று அவள் சொன்னதோடு பேச்சு முடிந்தது. முப்பதாம் நாள் அழகம்மா என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துத் தமிழருக்குக் குடியுரிமை இல்லாத காலம்; அவள் எந்த நாட்டுப் பிள்ளை என்று எழுத எந்தக் காகிதத்திலும் அன்று இடமில்லை. எத்தனை பேர் பெற்ற பிள்ளை என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

அதன் பிறகு எந்த லயத்தில் பிரசவமானாலும் மலை முழுக்க வலி எடுத்தது, ராசம்மாவின் கூடை இறங்கியது. அந்த வலிகளில் அவள் தன் பங்கை அன்றன்றே கொடுத்துத் தீர்த்தாள். பழைய வலி அவற்றின் அடியில் அப்படியே இருந்தது. கந்தப்பன் வேலை நிறுத்தம் என்று ஓடுவதை விட்டான். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த தொரை இரண்டு தரம் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட நாட்களில் கொழுந்து நிறுப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னார். றொசல்லயிலிருந்தும் பட்டிப்பொலயிலிருந்தும் பெண்கள் ரயிலேறி வந்து, எப்படிச் செய்வது என்று கேட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். மழை மாதத்தில் ஒன்றும் சாகவில்லை.

இது 1965. அழகம்மா டிக்கோயாப் பள்ளிக்கூடத்துக்கு மழையில் நடந்து போய் வருகிறாள், இருமல் கிடையாது. ராசம்மா இன்னமும் இடுப்பில் கை வைத்தே மலையேறுகிறாள். பச்சைக் கரை போட்ட மஞ்சள் நூல் சேலை அவள் தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அழகம்மாவுக்கு அவள் தர வேண்டிய தொட்டில் சேலை ஒன்று இன்னும் பாக்கி.