கண்ணில்லா வண்டுகள் கொண்டுவந்த ஹார்மோனியம்

அந்த வசந்தத்தில், நாங்கள் குழியில் தள்ளிய சாமான்களையெல்லாம் வண்டுகள் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் வாசலில் வைத்தன. வர்ஜினியாவின் இந்த மூலையில் பூமி திடீரென்று உள்வாங்கிக் குழி விழும். அடியில் குகை, குகைக்குள் ஓடை. வேண்டாததை அதில் தள்ளினால் தொல்லை விட்டது என்று இருந்தோம். கீழே குடியிருந்த வண்டுகளை யார் கேட்டோம்? சீரகம் அளவு, துருநிறம், கண் கிடையாது. ஆனாலும் எது யாருடையது என்பதில் அவை தப்பு செய்யவில்லை. பிரசங்கியார் வாசலில் காலி விஸ்கி பாட்டில்கள் வந்து சேர்ந்த அன்று ஊரே அதை நம்பிவிட்டது.

டெல்ஃபியா ஸ்டிதம் மட்டும் தினமும் விடிந்ததும் வாசலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள். அவள் அம்மா கொடுத்த, காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனியமும் அந்தக் குழியில்தான் கிடந்தது. சுரங்கத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால் அதன் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று, கல்யாணமான புதிதில் புருஷன் ஹோபர்ட் அதை டிராக்டரில் இழுத்துப்போய்த் தள்ளியிருந்தான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை நாயிடம் சொல்வாள். "சோளரொட்டி ஆறுது, திங்கிறவங்க வரலாம்." நாய்கள் செத்தன, வேறு நாய்கள் வந்தன, ஹோபர்ட்டுக்குத் தலை நரைத்தது.

அது மட்டும் ஏன் வரவில்லை என்று ஒருநாள் ஹோபர்ட் போய்ப் பார்த்தான். குழிக்கும் வீட்டுக்கும் நடுவில் வெயிலில் வெடித்த மேடு. அங்கே ஹார்மோனியத்தின் ஒற்றைக் கட்டையைச் சுற்றி வண்டுகள் காய்ந்து செத்துக் கிடந்தன. குகை ஈரத்தில் பிறந்தவை, பாவம். மறுநாளிலிருந்து அவன் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து குழியிலிருந்து வாசல்வரை தெளித்தான். முதுகு பிடித்துக்கொண்டபோதும் விடவில்லை.

"என்னண்ணே, பாறையில பயிர் வைக்கிறீங்களா?" என்றான் பக்கத்து வீட்டு வெர்லின்.

"வாயை மூடிட்டு நீயும் ஒரு வாளியை எடுடா."

டெல்ஃபியா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இலை உதிரும் காலத்தில் ஹார்மோனியம் வந்தது. கட்டை கட்டையாக வந்தது, துருத்தி தனியாக வந்தது. வண்டுகள் வாசலிலேயே பூட்டி முடித்தன. சில உள்ளேயே தங்கிவிட்டன. அதனால் கீழ் ஸ்தாயியில் மட்டும் ஓடைச் சத்தம் கேட்கும், மற்றபடி சுருதி சுத்தம்.

டெல்ஃபியா அதன்முன் உட்கார்ந்தாள். மிதித்துப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. பிறகு நாயைப் பார்க்காமல், முற்றத்தில் வாளியோடு நின்றவனைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு முட்டி வலிக்குது. வந்து மிதிங்க."

ஹோபர்ட் சேற்றுப் பூட்ஸைக் கழற்றிவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தான். கண்ணீரில் மிதி தெரியாமல் தாறுமாறாக மிதித்தான். "மெதுவா மிதிங்க!" என்று அவள் திட்டினாள். இத்தனை வருஷத்துத் திட்டு சேர்ந்திருந்தது, பொழுது சாயும்வரை திட்டினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டு மிதித்தான்.